காதுக்கு ஒரு போட்டி

நவம்பர் மாதத்துக் கடைசிச் சனி ஞாயிறு வந்துவிட்டால் எங்கள் வீட்டு முன்னறை விளக்கு இரண்டு இரவுகள் அணையாமல் எரியும். அயல் வீட்டு ஆச்சி இதனைக் கவனித்துவிட்டு, "வாத்தியார் தம்பி, வீட்டிலே ஆருக்கும் சுகமில்லையோ?" என்று ஒருமுறை விசாரித்தார். சுகத்துக்குக் குறைவில்லை, போட்டி ஒன்றிலே கலந்துகொள்கிறேன் என்றேன். "இருந்த இடத்திலே இருந்துகொண்டோ?" என்றார் ஆச்சி. நான் மறுமொழி சொல்லத் தொடங்குமுன் அவர் பாக்குவெட்டியைத் தேடிப் போய்விட்டார். அவருக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுத முற்படுகிறேன்.

வானொலி என்றால் பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டி என்பதே நம்மிற் பெரும்பாலோர் கொண்ட எண்ணம். ஆனால் அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் பெற்று, சொந்த வீட்டிலே ஒலிபரப்பும் கருவியொன்றை அமைத்து, உலகத்தின் எந்த மூலையிலும் உள்ள தம்மை ஒத்தவர்களோடு தொடர்பு கொள்ளும் ஒரு கூட்டத்தார் உளர். இவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்றும், செல்லமாக 'ஹாம்' என்றும் அழைப்பர். ஊதியம் இல்லை, வியாபாரம் கூடாது, பரீட்சை எழுதிச் சித்தியடைந்தே இதிற் புகவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. அக்குறியின் தலைப்பைக் கொண்டே ஆள் எந்த நாட்டவர் என்று அறிந்துகொள்ளலாம். இலங்கையருடைய குறிகள் 4எஸ் என்று தொடங்குவன.

இவர்களிற் பலர் வாயாற் பேசுவர். நானோ மோர்ஸ் சங்கேதத்தில் மோகங்கொண்டவன். அமெரிக்காவில் சாமுவேல் மோர்ஸ் என்பார் வாஷிங்டன் நகரிலிருந்து பால்ட்டிமோர் நகருக்குத் தமது புகழ்பெற்ற முதற் செய்தியைத் தந்தியிற் செலுத்தியது 1844 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் திகதி. அச்சங்கேதத்தை 1848 இல் ஜேர்மனியரான கெர்க்கே என்பவர் திருத்தி அமைத்தார். அத்திருத்தத்தின் வழி வந்ததே இன்று உலகமெங்கும் வழங்குவது. 1999 இல் கப்பல்களின் அபாய அறிவிப்பு முறையிலிருந்து மோர்ஸ் விலகியது. அமெச்சூர் வானொலியாளர் இதனைக் கட்டாயம் கற்றிருக்க வேண்டும் என்ற சர்வதேச விதியும் 2003 இல் நீக்கப்பட்டது. இத்துடன் இது ஒழிந்தது என்று எண்ணியவர்கள் பலர். அவர்கள் நவம்பர் மாதத்துக் கடைசி வார இறுதியில் ஒரு சிற்றலை ரிசீவரைத் திருப்பிப் பார்த்ததில்லைப் போலும்.

மோர்ஸ் சங்கேதத்தைக் கண்ணாற் கற்பவன் கெட்டான். குற்று, கோடு என்று கடதாசியில் எழுதி மனனம் செய்பவர்கள் நிமிடத்துக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் ஒருபோதும் போகமாட்டார்கள். இஃது ஒலி, தாளம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நமது இலக்கணம் வகுத்திருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அளவுகோலாகக் கொண்ட நம் முன்னோருக்கு மோர்ஸ் மிக எளிதாக விளங்கியிருக்கும். இங்கே குற்றுக்கு ஒரு மாத்திரை, கோட்டுக்கு மூன்று. ஓர் எழுத்துக்குள் ஒலிக்கும் ஒலிக்கும் இடையே ஒரு மாத்திரை மௌனம். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு. நிமிடத்துக்கு முப்பது சொற்கள் என்ற வேகத்தில் ஒரு மாத்திரை என்பது ஒரு செக்கனின் இருபத்தைந்தில் ஒரு பங்கு. போட்டியிலே அது சாதாரண வேகம்.

இனிப் போட்டியைப் பற்றிச் சொல்கிறேன். உலகில் இத்தகைய போட்டிகள் பல உண்டாயினும், 'சீ.கியூ' என்ற அமெரிக்க சஞ்சிகையின் பெயரால் வழங்கும் உலகப் போட்டியே எல்லாவற்றிலும் பெரிது. ஒக்டோபர் இறுதியில் வாய்ப்பேச்சுக்கும் நவம்பர் இறுதியில் மோர்சுக்குமாக இரண்டு பகுதிகள். உலகப் பொது நேரப்படி சனிக்கிழமை பூச்சிய மணிக்குத் தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடியும் 48 மணி நேரப் போட்டி இது. நமக்கோ சனிக்கிழமை அதிகாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கித் திங்கட்கிழமை அதிகாலை ஐந்தரை மணிக்கு முடியும். பின்னர் முகங்கழுவிக்கொண்டு பாடசாலைக்குப் போகவேண்டியதுதான்.

போட்டியின் விதி சுருக்கமானது. உலகம் நாற்பது வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இலங்கை, இந்தியா, மாலைதீவு, நேபாளம், பூட்டான், வங்காளதேசம் ஆகியவற்றுக்கு வலய எண் 22. எதிர்ப்படும் நிலையத்தோடு அழைப்புக்குறியையும், அதன் ஒலி எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பையும், வலய எண்ணையும் பரிமாறிக்கொண்டால் ஒரு தொடர்பு முற்றிற்று. வேறு கண்டத்தவரோடு தொடர்புகொண்டால் மூன்று புள்ளி. நமது கண்டத்துள்ளேயே வேறு நாடாயின் ஒரு புள்ளி. சொந்த நாட்டவருக்குப் புள்ளி இல்லை. இப்படிச் சேரும் புள்ளிகளைப் பெருக்குவதற்கு ஓர் எண் உண்டு. ஒவ்வோர் அலைவரிசையிலும் எத்தனை வலயங்கள், எத்தனை நாடுகள் பிடிபட்டன என்று கூட்டிவரும் தொகையே அது. ஒருவர் மூன்று புள்ளித் தொடர்புகள் நூறு செய்து, பத்து வலயங்களையும் முப்பது நாடுகளையும் பெற்றிருந்தால், 300 ஐ 40 ஆற் பெருக்க 12,000 வரும். இன்னும் ஒரு புதிய நாடு அகப்பட்டால் அந்த ஒன்றே முந்நூறுக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கொண்டுவரும். ஆகையால், கிடைத்தற்கரிய தீவு ஒன்றிலிருந்து மெல்லிய குரல் கேட்டுவிட்டால் ஐரோப்பா முழுவதும் ஒரே வேளையில் அதன் மேற் பாயும். இலங்கையும் ஏறத்தாழ அத்தகைய தீவே. நம்மிடம் இருப்பது சிறு கருவியாயினும், நமது குறியைக் கேட்டவுடன் பெரிய நிலையத்தாரும் நின்று கவனிப்பர். பிறந்த நாட்டினால் வந்த பாக்கியம் இது. நமது சாமர்த்தியம் அன்று.

எனது நிலையத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நூறு வாற்று சக்தியுள்ள கருவி. வளவில் நிற்கும் இரண்டு பனைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய செப்புக்கம்பிகளே ஏரியல். மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். முந்நூறை மெகாஹேட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வரும். 14 மெகாஹேட்சுக்கு 21 மீற்றருக்குச் சற்று மேல். அதில் அரைவாசியிலும் சிறிது குறைத்து, பத்து மீற்றர் அளவில் கம்பியை வெட்டி, நடுவிலே பிரித்து இணைத்தால் ஏரியல் தயார். கடையில் வாங்கவேண்டியது கம்பியும் கயிறும் மாத்திரமே. பனையில் ஏறுவதற்கு ஆள் பிடிப்பதுதான் இக்காலத்திற் கஷ்டம்.

கேட்பவன் கடமை

போட்டியில் இறங்குவோன் முதலிற் செய்யவேண்டியது தட்டுவதன்று, கேட்பது. ஓர் இடத்திற் குடியேறுமுன் அங்கே யாராவது இருக்கிறார்களா என்று வினவ வேண்டும். 'கியூ.ஆர்.எல்.' என்று தட்டி வினாக்குறி ஒன்றையும் சேர்த்தால், 'இவ்விடம் உபயோகத்தில் உள்ளதா?' என்பது பொருள். மறுமொழி வராவிட்டால் மறுபடியும் ஒருமுறை கேட்க வேண்டும். நமக்குக் கேளாத தூரத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்க, அவருக்குச் செவிகொடுப்பவர் நமக்கு அருகே இருக்கக்கூடும் அல்லவா? அதன் பின்னரே 'சீ.கியூ ரெஸ்ற்' என்று பொது அழைப்பு விடுத்து, தன் குறியைத் தெளிவாக ஒலிக்கலாம். இப்படி ஓரிடத்தில் நிலைத்து நின்று அழைப்போர் ஒரு வகை. அலைவரிசை நெடுகிலும் நடந்து, அழைப்போரைத் தேடிப் பிடிப்போர் மற்றொரு வகை. தேர்ச்சி குறைந்தவர்க்கும் சக்தி குறைந்தவர்க்கும் இரண்டாவதே ஏற்றது. 10, 18, 24 மெகாஹேட்ஸ் வரிசைகளிலே போட்டி நடத்துவதில்லை என்பது மரபு. போட்டியை விரும்பாதவர் அமைதியாகப் பேசிக்கொள்ள அவை ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

அழைப்புக்கு மறுமொழி சொல்பவர் தமது குறியை ஒரே ஒரு முறை மாத்திரம் தட்டவேண்டும். எதிராளியின் குறியைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. அவருக்குத் தமது குறி தெரியும்! புதியவர்கள் மரியாதை கருதி அவர் குறியையும் தம் குறியை இரண்டு முறையும் தட்டுவர். அதற்குள் அவர் வேறொருவரோடு அலுவலை முடித்திருப்பார். அவர் நமது குறியைச் சொல்லி, மதிப்பையும் வலயத்தையும் தருவார்; நாம் நமதைத் தருவோம்; அவர் நன்றிக்குறி ஒன்றைத் தட்டித் தம் பெயரைச் சொல்லி அடுத்தவரை அழைப்பார். எல்லாம் பத்துப் பன்னிரண்டு செக்கனுக்குள் முடிந்துவிடும். கைதேர்ந்தவர்கள் நல்ல வேளையில் மணிக்கு இருநூறு தொடர்புகள் செய்வதுண்டு.

ஒலியின் மதிப்பு என்றேனே, அதிலே ஒரு வேடிக்கை. தெளிவுக்கு ஐந்து வரையும், வலிமைக்கு ஒன்பது வரையும், நாதத்துக்கு ஒன்பது வரையும் எண் கொடுத்து, மூன்று இலக்கமாகச் சொல்வது முறை. போட்டியிலோ எல்லோருக்கும் 599 தான்! கேட்கவே இல்லை, மும்முறை திரும்பச் சொல்லும் என்று கெஞ்சியவருக்கும் 599 வழங்கப்படும். எல்லாப் பிள்ளைகளுக்கும் நூற்றுக்கு நூறு போடும் உபாத்தியாயரை எந்த அதிபர் பொறுப்பார்? ஆயினும் இதுவே வழக்கமாகிவிட்டது. இந்த 599 ஐயும் முழுதாகத் தட்டுவதில்லை. ஒன்பது என்ற இலக்கத்துக்கு நான்கு கோடும் ஒரு குற்றும் ஆகும். இடைவெளியோடு சேர்த்து 17 மாத்திரை. அதற்குப் பதிலாக ஒரு கோடும் ஒரு குற்றுமாகிய 'என்' எழுத்தைத் தட்டினால் ஐந்தே மாத்திரை. 599 முழுதாக 49 மாத்திரை எடுக்க, இந்தக் குறுக்கு வழியில் 25 மாத்திரை போதும். முப்பது சொல் வேகத்தில் இலாபம் ஏறக்குறைய ஒரு செக்கன். ஆயிரம் தொடர்பு செய்பவருக்கு அது கால்மணி நேரத்துக்கு மேல்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தன்னால் கேட்டெழுத முடிந்த வேகத்துக்கு மேல் ஒருவன் தட்டலாகாது. மெதுவாகத் தட்டும் ஒருவர் அழைத்தால், வேகமாக ஓடுபவரே இறங்கிவந்து அவருடைய நடைக்கு ஏற்ப நடக்க வேண்டும். எனது முதலாவது போட்டியில், நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் வேகத்தில் வியர்த்து விறுவிறுத்து ஒரு யப்பானிய நிலையத்தை அழைத்தேன். அவர் அதுவரை காற்றாய்ப் பறந்துகொண்டிருந்தவர். எனக்காகத் தம் வேகத்தைப் பாதியாக்கி, ஒவ்வோர் எழுத்தாக எனக்கு ஊட்டிவிட்டு, மறுபடியும் பறந்தார். அவர் யார், எவர் என்று எனக்குத் தெரியாது. அன்று அவர் என்னைத் தாண்டிப் போயிருந்தால் நான் சாவியை மூடிவைத்திருப்பேன்.

இத்தனை அவசரத்துக்குள்ளே தலையாய ஒரு விதி உண்டு: காதில் விழுந்ததையே எழுது, விழாததைக் கேள், ஊகித்து எழுதாதே. குறியின் ஒரு பாதி மாத்திரம் பிடிபட்டால் அப்பாதியைத் தட்டி வினாக்குறி இடவேண்டும். அந்தப் பாதியை உடையவர் அல்லாத மற்றவர்கள் அப்பொழுது வாய்திறவாதிருப்பது அவர்கள் கடமை. போட்டி முடிந்து ஐந்து நாட்களுக்குள் பதிவு முழுவதையும் நடுவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கணினியின் உதவியால் என் பதிவையும் எதிராளியின் பதிவையும் ஒப்புநோக்குவர். குறியை ஓர் எழுத்துப் பிழையாக எழுதியிருந்தாலும் அத்தொடர்பு அடிபட்டுப்போகும். அதற்கு மேல் தண்டமும் உண்டு. போட்டி முடிந்த பின் ஒலிப்பதிவைக் கேட்டோ, பட்டியலைப் பார்த்தோ, கடிதம் எழுதி விசாரித்தோ பிழை திருத்துவது ஆகாது.

அம்மான் சொன்ன கதை

இவ்விதியை நான் எந்தச் சஞ்சிகையிலும் படித்துக் கற்கவில்லை. என் அம்மான் சிறியதொரு தபாற்கந்தோரில் இளமையிலே தந்தி வாங்கியவர். எனக்கு மோர்ஸ் சொல்லித் தந்தவரும் அவரே. சாப்பாட்டு மேசையிற் கரண்டியாற் தட்டுவார். என்ன எழுத்து என்று சொன்னாற்தான் அடுத்த இடியப்பம் தட்டில் விழும்.

ஒருநாள் மழை இருட்டில் அவருக்கு ஒரு மரணத் தந்தி வந்ததாம். ஊர்ப் பெயர் 'ஏ' என்று தொடங்கியது. அடுத்த எழுத்து 'எல்' போலக் காதில் விழுந்தது. மறுபடி ஓர் 'ஏ'. அதன் பின் கம்பியில் இரைச்சல். அம்மான் அளவெட்டி என்று எழுதிவிட்டார். அந்த இரண்டாவது எழுத்து உண்மையில் 'ஆர்'. 'ஆர்' எழுத்துக்கு ஒரு குற்று, ஒரு கோடு, ஒரு குற்று. அதன் கடைசியில் இன்னும் ஒரு குற்று விழுந்தால் 'எல்'. இரைச்சலின் ஒரு துளியை அவர் குற்றாகக் கேட்டுவிட்டார். தந்தி போகவேண்டிய ஊர் அராலி. அளவெட்டியில் அப்பெயருடையாரைத் தேடித் திரிந்து, பிழை கண்டுபிடித்து, அராலிக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் கொழும்பிலே சடலம் தகனமாகிவிட்டது. இறந்தவரின் தமையனார் மறுவாரம் தபாற்கந்தோருக்கு வந்தாராம். ஏசுவார் என்று அம்மான் எதிர்பார்த்தார். அவர் ஏசவில்லை. "தம்பி, இன்னும் ஒருக்கால் கேட்டிருக்கலாமே" என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போனாராம். இதைச் சொல்லும்போது அம்மானின் கைக்கரண்டி அசையாது நிற்கும்.

2023 ஆம் ஆண்டுப் போட்டி நவம்பர் 25 ஆம், 26 ஆம் திகதிகளில் வந்தது. சனிக்கிழமை மாலை இடிமுழக்கத்தினால் ஏரியலைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு மூன்று மணி நேரம் சும்மா இருந்தேன். பனைமரத்துக் கம்பியோடு மின்னலைச் சோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. எவருக்கும் இருக்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமையோ வானம் வெளித்தது. சூரியன் தன் பதினோராண்டு வட்டத்தின் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்த காலமாகையால் 28 மெகாஹேட்ஸ் வரிசை கண்ணாடி போல் தெளிவாயிருந்தது.

அன்று போயா. ரியூசன் வகுப்பில்லை என்று என் மாணவன் ஒருவன் பகல் வேளையில் வந்து சேர்ந்தான். உயர்தரக் கணிதப் பிரிவிற் படிப்பவன். கோயிலில் மிருதங்கம் வாசிப்பவன். ஆறு மாதமாக என்னிடம் மோர்ஸ் கேட்டுப் பழகியிருந்தான். அனுமதிப் பத்திரம் இல்லாதவனாகையால் சாவியைத் தொடக்கூடாது என்று சொல்லி, இரண்டாவது காதுபோன் ஒன்றைக் கொடுத்து அருகில் இருத்தினேன்.

நாலு மணியளவில் ஐரோப்பா திறந்தது. எனது குறியைத் தட்டி முடிக்குமுன் பத்துப் பேர் ஒரேயடியாக அழைத்தனர். முப்பத்திரண்டு மணி நேரத்துக்கு மேலாக அரைகுறை நித்திரையோடு இருந்தவன் நான். ஜேர்மன் நிலையம் ஒன்று அழைத்தது. முன்பாதியை எழுதியவுடன் கணினி தன் ஞாபகத்திலிருந்து, போட்டிகளிலே அடிக்கடி கேட்கும் ஒரு குறியை எடுத்து நீட்டியது. கடைசி எழுத்து 'எஸ்'. என் காதும் அதற்கு உடன்பட்டது. மதிப்பைத் தட்டினேன், அவர் தமதைத் தந்தார், நன்றி சொன்னேன், அடுத்த கூட்டம் ஆரவாரித்தது.

"சேர்," என்றான் பையன். "கடைசியிலே நாலு குற்று. நீங்கள் மூன்று எழுதியிருக்கிறீர்கள்."

மூன்று குற்று 'எஸ்', நாலு 'எச்'. எனக்குச் சற்றுக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். "இல்லைத் தம்பி, அது எனக்குப் பழக்கமான நிலையம்" என்றேன். "அவர் இரண்டாந்தரம் தன் பெயரைத் திருப்பிச் சொன்னாரே சேர்" என்றான் அவன். உண்மைதான். பிழையாகக் கேட்டவனுக்குக் குறியை மீண்டும் சொல்லித் திருத்துவது இங்குள்ள மரபு. அவர் திருத்தினார், நான் செவிகொடுக்கவில்லை. அந்த வேளையில் அராலித் தமையனாரின் நினைவு வந்தது என்று எழுதினால் அழகாயிருக்கும். ஆனால் வந்தது நினைவன்று, வெட்கம். வினாக்குறியோடு அக்குறியின் பாதியைத் தட்டினேன். கூட்டம் அடங்கிற்று. அவர் இன்னும் அங்கேதான் இருந்தார். மெதுவாக, ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல, தம் குறியைத் தட்டினார். நாலு குற்று.

அதன் பின் பையன் என் பக்கத்தை விட்டு அசையவில்லை. மாலையில் என் மனைவி கார்த்திகைத் தீபத்துக்கு வாசலிலும் கிணற்றடியிலும் விளக்கேற்றியபோதும் அவன் காதுபோனைக் கழற்றவில்லை. மேலும் மூன்று நான்கு இடங்களில் என் பிழையைப் பிடித்தான். இரவு ஒன்பது மணிக்கு அவனுடைய தகப்பனார் சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு என் பதிவில் அறுநூற்று நாற்பது தொடர்புகள் இருந்தன. அதுவரை நான் எட்டாத தொகை. அன்று மாலையே பதிவை அனுப்ப அமர்ந்தேன். எந்தப் பிரிவு என்று குறிப்பிடவேண்டிய இடம் வந்தது. ஒருவர் தனித்து இயக்கும் பிரிவு என்றே போட்டியைத் தொடங்கினேன். அப்பிரிவில் கேட்பது, தட்டுவது, பதிவது யாவற்றையும் ஒருவரே செய்யவேண்டும் என்பது விதி. கை நீண்ட நேரம் அவ்விடத்திலேயே நின்றது. பையன் அங்கிருந்தான் என்பது அவனுக்கும் எனக்கும் என் மனைவிக்கும் அயல் வீட்டு ஆச்சிக்கும் தெரியும். நடுவர்களுக்குத் தெரிய வழியில்லை. பலர் கூடி இயக்கும் பிரிவென்று போடலாமென்றால், அதற்கு அலைவரிசை மாறுவதில் வேறு கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை நினையாமல் இரண்டு நாளும் வரிசை வரிசையாகத் தாவியிருந்தேன். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது: 'சரிபார்ப்புப் பதிவு' என்று அனுப்புவது. அதற்குப் புள்ளியுமில்லை, இடமுமில்லை. மற்றவர்களுடைய பதிவுகளை ஒப்புநோக்க நடுவர்களுக்கு உதவும், அவ்வளவே. அப்படியே அனுப்பினேன்.

மறுநாள் இதைப் பையனிடம் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. "நான் ஒன்றும் செய்யவில்லையே சேர், சும்மா கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்" என்றான். இந்தப் போட்டியில் கேட்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று நான் அவனுக்கு விளக்கவேண்டியிருந்தது. தன்னால்தான் சேருக்கு இடம் போய்விட்டது என்று சில கிழமைகள் என்னைக் கண்டால் ஒதுங்கி நடந்தான். பரீட்சைத் தாளில் அவனுக்கு எத்தனையோ பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். என் பிழையைத் திருத்தியதற்காக ஒரு பிள்ளை ஒளித்துத் திரிவதைக் காண எனக்குச் சகிக்கவில்லை. பின்னர் ஒரு யோசனை செய்தேன். அனுமதிப் பத்திரப் பரீட்சைக்குரிய பாடங்களை அவனுக்குச் சனிக்கிழமைகளிற் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். மின்தடை, கொள்ளளவம் என்பன அவனுக்கு வகுப்பிலே தெரிந்தவை. சட்ட விதிகளைத்தான் நெட்டுருப் பண்ணவேண்டியிருந்தது.

இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இதற்கு ஏன் இத்தனை நியாய அநியாயம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் வந்தபோது, இந்தியாவின் பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடைய குழுவினரும் அந்தமானின் போர்ட் பிளேயரிலே அமெச்சூர் நிலையம் ஒன்றை இயக்கிக்கொண்டிருந்தனர். உலகமெங்கும் உள்ளவர்களோடு தொடர்பு எண்ணிக்கை சேர்க்கவே அவர்கள் அங்கே போயிருந்தார்கள். சில மணி நேரத்துக்குள் அதே கருவி, உயிரோடிருப்பவர்களின் பெயர்களைத் தாய்நிலத்துக்குச் சொல்லும் கருவியாயிற்று. நமது நாட்டிலும் அம்பாந்தோட்டைப் பக்கம் தொலைபேசி அற்றுப்போனபோது, சிற்றலைக் கருவியோடு அமெச்சூர் வானொலியாளர்கள் சென்றார்கள். பெயர்ப் பட்டியலைக் கேட்டெழுதுபவன் ஊகித்து எழுதுகிறவனா, திரும்பக் கேட்கிறவனா என்பது அப்போது யாருக்கோ பெரிய காரியம்.

இப்போட்டியைக் காதாற் கேட்க விரும்பும் மாணவர்களுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. மோர்ஸ் ஒலியை எழுப்பிக்காட்டும் வசதியுள்ள சிற்றலை ரிசீவர் ஒன்று போதும். அதுவும் இல்லாவிடின், கணினி மூலம் தூரதேசத்து ரிசீவர்களைத் திருப்பிக் கேட்கும் வசதியும் இன்று உண்டு. நவம்பர் மாதத்துக் கடைசி முழு வார இறுதியில், சனிக்கிழமை அதிகாலை ஐந்தரை மணிக்கு, 7,000 கிலோஹேட்சுக்குச் சற்று மேலே திருப்புங்கள். வெயில் ஏறிய பின் 14,000 முதல் 14,070 வரை. டா-டி-டா-டிட், டா-டா-டி-டா என்று வந்தால் அது 'சீ.கியூ'. முதல் நாள் ஒரே சிள்வண்டுக் கூட்டமாகத்தான் கேட்கும். அதற்குள்ளே ஒரே குரலைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே மூச்சு விடுகிறது என்று பாருங்கள்.

பையன் பரீட்சையிற் சித்தியடைந்துவிட்டான். அவனுடைய குறி இன்னும் வந்து சேரவில்லை. வந்தால் இம்முறை தன் வீட்டு மாமரத்தில் ஏரியல் கட்டித் தனியாக நிற்கப்போகிறானாம். "உங்களோடு போட்டி, சேர்" என்கிறான். ஏரியலுக்குக் கம்பி என்னிடத்தில்தான் வாங்கிப் போனான்.